இளஞ்சூட்டு நீர் ஓடும் நாடு

குளிர்நாடுகளைப் பற்றி நூல்களிலே படித்து வளர்ந்த நம்மவர்க்கு மாரிகாலம் என்றவுடன் மனக்கண்ணில் முதலிலே தோன்றுவது புகைபோக்கிதான். கூரைமேற் பனி; கூரையின் நடுவே செங்கற் புகைபோக்கி; அதனின்றும் சுருண்டெழும் புகை; உள்ளே கணப்பின் முன்னே கைகளை நீட்டிக் குந்தியிருக்கும் குடும்பம். இத்தகைய காட்சியை எதிர்பார்த்தே நாமும் தை மாதத்தில் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிற் சென்று இறங்கினோம். அங்கே காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் எழுகின்றான். மாலை நான்கு மணி கடந்ததும் மறைந்துவிடுகின்றான். எழுந்திருக்கும் நேரத்திலும் முகில் அவனுக்கு முகத்திரையாக அமைகின்றது. நாம் தங்கிய நான்காம் மாடியின் சாளரத்தினூடே நோக்கியபோது கண்ணுக்கெட்டிய தூரம்வரை செவ்வோட்டுக் கூரைகளும், பச்சை பூத்த செப்புக் கோபுரங்களும் தெரிந்தனவேயன்றிப் புகையைக் காணோம். பழைய புகைபோக்கிகள் ஆங்காங்கே நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை வாய்மூடி நிற்கின்றன.

அறைக்குள்ளேயோ மேலங்கி வேண்டாத இதமான சூடு. எங்கிருந்து வருகின்றது என்று தேடினாற் சாளரத்தின் கீழே, வெள்ளை வர்ணம் பூசிய தட்டையான இரும்புப் பெட்டி ஒன்று சுவரோடு ஒட்டினாற்போல் இருந்தது. றேடியேற்றர் என்பர். அதிற் கையை வைத்துப் பார்த்தோம். சுடவில்லை. கையிலிருந்த தேநீர்க் கோப்பை அதனினும் சூடாக இருந்தது. தான் சுடாத ஒரு பொருள் ஓர் அறையைச் சூடாக்குவது எங்ஙனம்? அந்நாட்டிலே நாம் கழித்த பன்னிரண்டு நாட்களும் இவ்வினாவின் பின்னாலேயே போயின என்று சொல்லலாம்.

தெருவின் கீழே

கொப்பன்ஹேகனில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும், கணக்கிட்டுச் சொன்னால் 100 க்கு 98 வீதமானவற்றுக்கு, வெந்நீர் வெளியிலிருந்தே வருகின்றது. நகரத்தின் எங்கோ ஓரிடத்திற் சூடேற்றப்பட்ட நீர், தெருக்களின் கீழே புதைக்கப்பட்ட இரட்டைக் குழாய்களுள் ஒன்றின் வழியே வந்து, வீட்டிலே தன் சூட்டை இறக்கிவைத்துவிட்டு, மற்றைய குழாயின் வழியே திரும்பிச் செல்கின்றது. நம் நகரங்களிலே குடிநீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்கு வீடு வழங்குதல் போல அங்கே சூட்டை வழங்குகின்றனர். அதற்கும் ஒரு மானி உண்டு. அதற்கும் ஒரு பட்டியல் வரும்.

இவ்வழக்கம் அந்நாட்டுக்குப் புதியதன்று. கொப்பன்ஹேகனின் நடுவே அமைந்தும் தனக்கெனத் தனி நகராட்சி கொண்டு விளங்கும் பிரெடறிக்ஸ்பேர்க் என்னும் ஊரிலே, குப்பை கொட்ட இடமின்றித் திகைத்த நகரபிதாக்கள் 1903 ஆம் ஆண்டில் அதனை எரிப்பதற்கு ஓர் ஆலை அமைத்தனர். எரித்தால் வெப்பம் பிறக்குமன்றோ? அதனைக் காற்றோடு போகவிட மனமின்றி, அயலிலிருந்த மருத்துவமனைக்கும், அநாதைச் சிறுவர் இல்லத்துக்கும், வறியோர் விடுதிக்கும் குழாய்வழி அனுப்பினர். ஊரார் கழித்த பொருள் ஊரின் எளியவர்களுக்குக் கணப்பாயிற்று.

ஆயினும் நாடு முழுவதையும் இவ்வழியிலே திருப்பிவிட்டது 1973 ஆம் ஆண்டின் அச்சமே. அவ்வாண்டு மத்திய கிழக்கிலே போர் மூண்டு எண்ணெய் விலை ஏறியபோது, டென்மார்க்கு செலவிட்ட சக்தியிற் பத்தில் ஒன்பது பங்களவு வெளிநாட்டு எண்ணெயாகவே இருந்தது. நவம்பர் மாதந் தொடங்கிச் சில மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டுதலே தடுக்கப்பட்டது. 1979 இல் வெப்ப வழங்கற் சட்டம் நிறைவேறிற்று. எந்தப் பகுதிக்கு எவ்வகையிற் சூடு வழங்குவது என்று நகரசபைகள் திட்டமிடல் வேண்டும். வழங்கும் நிறுவனங்கள் செலவுக்கு மேலே இலாபம் எடுத்தலாகாது. இன்று நாட்டு வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு இத்தகைய குழாய்களோடு இணைக்கப்பட்டுள்ளன. வழங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் நகரசபைக்கோ ஊரவரின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமானவை. ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே ஊரவர் எழுந்து நின்று, இவ்வாண்டு சூடு ஏன் விலையேறிற்று என்று கேட்கின்றனர் என்பதைக் கேள்வியுற்றபோது நம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன.

உடம்பு என்னும் அடுப்பு

நம் வினாவுக்குப் பாதி விடை, தலைநகருக்கு வடக்கேயுள்ள லிங்பி என்னும் இடத்திலே கிடைத்தது. டென்மார்க்குத் தொழினுட்பப் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. ஒலே பாங்கர் என்ற பேராசிரியர் (1934 - 2006) மனிதருக்கு எப்பொழுது குளிர்கின்றது, எப்பொழுது புழுங்குகின்றது, எப்பொழுது இதமாயிருக்கின்றது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். மாணவர்களை அறையொன்றில் இருத்திச் சூட்டையும், ஈரப்பதனையும், காற்றோட்டத்தையும் மாற்றி மாற்றி, அவர்கள் உணர்ந்ததை எண்ணாற் குறிக்கச் செய்து கணித்தவற்றையும் சேர்த்து அவர் 1970 இல் வெளியிட்ட நூலே இன்று உலகெங்கும் கட்டடப் பொறியியலாளர்க்கு வழிகாட்டி.

அவர் காட்டியதன் சாரத்தை மாணவர்க்காக ஈண்டு சுருங்கச் சொல்வோம். மனிதவுடம்பு ஓயாது எரியும் ஓர் அடுப்பு. சும்மா அமர்ந்திருப்பவரும் ஏறக்குறைய 100 வாற்று வெப்பத்தை வெளியே விடுகின்றார். அது மெல்ல வெளியேறினால் இதம். விரைந்து வெளியேறினாற் குளிர். வெளியேற வழியில்லையெனிற் புழுக்கம். அவ்வெப்பத்தில் ஒரு பங்கு சூழவுள்ள காற்றோடு மேற்காவுகையாற் போகின்றது. ஏறக்குறைய அதேயளவு பங்கு, காற்றைப் பொருட்படுத்தாது, சுவரையும் தரையையும் சாளரக் கண்ணாடியையும் நோக்கிக் கதிர்வீசலாற் போகின்றது. ஆதலின் அறைக்காற்று 22 பாகையாயிருப்பினும் பக்கத்திலே குளிர்ந்த கண்ணாடி இருப்பின் தோள் நடுங்கும். சுவரும் தரையும் சிறிது சூடாயிருப்பின் காற்று 20 பாகையிலிருந்தாலும் உடம்பு குறைகூறாது.

நம் தோலின் வெப்பநிலை 33, 34 பாகை. தரை 25 பாகையாக இருப்பின் அது காலுக்குச் சூடாகத் தோன்றாது. ஆனால் 20 பாகையிலுள்ள அறைக்கு அது சூடே. தரையின் பரப்பு முழுவதும் சேர்ந்து மெல்ல மெல்லக் கொடுக்கும் அச்சூடு, நன்கு போர்த்திக் கட்டிய வீட்டுக்குப் போதுமானது. பகலிலே வெயில் புகுந்து அறை 25 பாகையாகிவிட்டால் தரை தானாகவே கொடுப்பதை நிறுத்திவிடும்; ஆள் வந்து முடுக்கத் தேவையில்லை. மக்கள் நடமாடும் தரை 29 பாகைக்கு மேலே சூடேறலாகாது என்பது ஐரோப்பிய நியமம். கொழும்பிலே நண்பகலில் நிழலிற் கிடக்கும் சீமெந்துத் தரை இதற்குக் குறைந்த சூடுடையதன்று. நாம் விசிறி தேடும் அதே சூட்டையே அவர்கள் விலைகொடுத்து வாங்குகின்றனர்!

பரப்பின் அருமையை அறிய அடுக்களைக்குச் சென்றாற் போதும். பானையிலுள்ள சோறு மணிக்கணக்காகச் சூடாயிருக்கும்; அதையே வாழையிலையிற் பரப்பினால் நொடியில் ஆறிவிடும். பரப்பு விரிந்தால் வெப்பம் விரைந்து வெளியேறும். சிறிய இரும்புப் பெட்டி ஓர் அறையைச் சூடாக்க வேண்டுமாயின் அதற்குள் 70, 80 பாகை நீர் ஓடவேண்டும். பெட்டி பெரிதானால் 50 பாகை போதும். தரை முழுவதுமே பெட்டியானால் 35 பாகை போதும். வீட்டின் போர்வை தடித்துவிட்டால் இன்னும் குறையும். இப்போர்வையின் வலிமையைக் காட்டவே 1975 இல் அப்பல்கலைக்கழகத்தார் சுழி வீடு எனத்தக்க ஒரு வீட்டைக் கட்டினர். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்பிற் கனிமப் பஞ்சு அடைத்த சுவர். கூரையில் 42 சதுர மீற்றர் சூரிய வெப்பத் தட்டு. நிலத்தடியில் 30 கன மீற்றர் நீர்த்தொட்டி. வடதுருவத்தை அடுத்த நாட்டிலே கோடை வெயிலைச் சேமித்து வைத்து மாரியைக் கடக்கலாம் என்று அன்று சொன்னபோது பலர் நகைத்திருத்தல் கூடும்.

பெரியம்மாவின் முறைப்பாடு

தலைநகரிலிருந்து மேற்கே யூலண்டுக்குப் புகைவண்டி ஏறினோம். இரு தீவுகளுக்கிடையே 18 கிலோமீற்றர் அகன்ற கடலை, பாதி வழி கடலடிச் சுரங்கத்திலும் பாதி வழி பாலத்திலுமாக வண்டி கடக்கின்றது. நம் வாசகர் பலருக்கு யூலண்டு அறியாத பெயரன்று. 1983 ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னர் நாட்டைவிட்டகன்ற நம்மவர் பலர் ஹேர்னிங் முதலிய அப்பக்கத்துச் சிறு நகரங்களிலே குடியேறினர். அவர்களுள் ஒரு குடும்பத்தாரே நம்மை வரவேற்றவர்கள். ஹேர்னிங்குக்கு அண்மையில், வரிசையாக அமைந்த வாடகை வீடுகளில் ஒன்று. வாசலிலே சப்பாத்துகள் அடுக்கி வைத்திருக்க, உள்ளே எல்லாரும் வெறுங்காலோடு திரிந்தனர்.

அவ்வீட்டுப் பெரியம்மாவுக்கு வயது எண்பதை அண்மியிருந்தது. வந்தமர்ந்து தேநீர் அருந்துமுன்னரே அவர் நம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்று சாளரத்தின் கீழிருந்த பெட்டியைத் தொடச் செய்தார்.

“தம்பி, தொட்டுப் பாருங்கோ. இது சுடுகுதே? சுடாத சாமானுக்கு மாசம் மாசம் காசு கட்டுறம்.”

மருமகள் சிரித்தவாறு அதன் வரலாற்றைக் கூறினார். சில ஆண்டுகளுக்கு முன்வரை பெரியம்மா தம் வழியிலே சிக்கனம் பிடித்து வந்தாராம். ஆளில்லாத அறைகளின் திருகுகளையெல்லாம் பூட்டிவிட்டு, கூடத்திலுள்ள ஒன்றை மட்டும் முழுதாகத் திறந்துவிடுவார். அது கைசுட எரியும். அவர் அதன் அருகிலே கதிரையைப் போட்டுக்கொண்டு முழங்கால்களைக் காட்டியிருப்பார். ஆண்டிறுதியில் வந்த பட்டியலோ குறையவில்லை. அதில் ‘திரும்பும் நீர்’ என்று தலைப்பிட்டு ஒரு மேலதிகத் தொகையும் சேர்ந்திருந்தது.

அது என்ன தொகை? இங்கேதான் அம்முறையின் நுட்பம் அடங்கியிருக்கின்றது. வீட்டுக்குள் 70 பாகையில் வரும் நீர் 40 பாகையிலோ அதற்கும் கீழேயோ திரும்பிச் சென்றாற்றான் அது தன் சுமையை இறக்கிவைத்ததாகும். ஒரேயொரு பெட்டியை முழுதாகத் திறந்துவிட்டால் நீர் நின்று ஆறுவதற்கு நேரமின்றி ஓடிச்சென்று, 60 பாகையிலே திரும்பிவிடும். அதே சூட்டைக் கொடுக்க மும்மடங்கு நீரை இறைக்க வேண்டும். திரும்பும் குழாயிலும் வெப்பம் வீணாகும். ஆலையும் தன் புகையின் மிச்சச் சூட்டை அந்நீரால் உறிஞ்சிக்கொள்ள இயலாது. ஆதலின் டென்மார்க்கிலே பல சங்கங்கள், நீரை நன்கு ஆற்றித் திருப்புவோர்க்குக் கட்டணத்திற் கழிவும், சூடாகத் திருப்புவோர்க்குக் கூடுதற் கட்டணமும் விதித்துள்ளன.

பட்டியலைக் கொண்டு சென்று விசாரித்தபோது வழங்குநர் அனுப்பிய பணியாளர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார். எல்லா அறைத் திருகுகளையும் சிறிது சிறிது திறந்து, ஒரே அளவில் விட்டுவிடுங்கள். பெட்டியின் மேற்பக்கம் இளஞ்சூடாகவும் அடிப்பக்கம் குளிர்ந்தும் இருப்பின் அதுவே நல்ல அடையாளம் என்று சொல்லிச் சென்றார். அவ்வண்ணமே செய்தனர். எல்லா அறைகளிலும் 21 பாகை நிலைத்தது. மேலதிகத் தொகை மறைந்தது. மருமகளுக்கு மகிழ்ச்சி, பேரப்பிள்ளைகள் தம் அறைகளிலே இருந்து படிக்கலாயினர்.

பெரியம்மாவுக்கு மட்டும் மனக்குறை தீரவில்லை. “வீடு முழுக்கச் சூடெண்டு சொல்லுறாங்கள். எனக்கு நாரிப் பிடிப்புக்கு ஒரு இடம் சுட்டாற் காணும்,” என்றார்.

இதனை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. எங்கும் சமமாகப் பரந்த சூட்டிலே, நெருங்கிச் சென்று அமர்வதற்கென ஓரிடம் இல்லை. கணப்பு இருந்த காலத்திலே குடும்பம் அதனைச் சுற்றி அமர்ந்தது. இன்று எல்லா அறைகளும் ஒரேயளவு இதமாயிருக்க, ஒவ்வொருவரும் ஒவ்வோர் அறையில் இருக்கின்றனர். முதியோர்க்கு மற்றொரு கவலையும் உண்டு. உடல் தளர்ந்து அசைவு குறைந்தோர்க்கு இளையோரினும் சற்றுக் கூடிய சூடு வேண்டும். 2022 இல் உக்கிரேன் போரால் இயற்கை வாயுவின் விலை ஏறியபோது, அரசாங்கக் கட்டடங்களில் 19 பாகைக்கு மேற் சூடேற்றலாகாது என்று டென்மார்க்கு அரசு விதித்தது. எழுதுவோர் மேசைக்கு அது தாங்கக்கூடியதே. ஆயினும் எண்களை விதிப்போர் பெரும்பாலும் நடுவயதினர். அம்மூதாட்டிக்கு மகன் வாங்கிக் கொடுத்த சிறிய மின்வெப்பத் தலையணை ஒன்று, வீட்டின் சூட்டையெல்லாம் கூட்டாமலே அவருடைய இடுப்புக்கு வேண்டியதைச் செய்து வருகின்றது.

கடலிலிருந்து சூடு

யூலண்டின் மேற்குக் கரையிலே எஸ்பியர் துறைமுகம். வட கடலின் காற்று அங்கே மனிதரை நிமிர்ந்து நடக்க விடுவதில்லை. கரையிலே 9 மீற்றர் உயரமுடைய நான்கு வெள்ளை மனிதவுருவங்கள், 1995 இல் நிறுவப்பட்டவை, கடலை நோக்கி நேரே அமர்ந்திருக்கின்றன. அவை நோக்கும் கடலிலிருந்துதான் இன்று அந்நகரத்துக்குச் சூடு வருகின்றது என்றால் நம்புவது கடினம். கையை வைத்தால் விறைக்கும் நீர் அது.

எஸ்பியரிலே நிலக்கரி எரித்த பெரிய ஆலை 2024 இல் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பியவற்றுள் முதன்மையானது, அதே ஆண்டில் இயங்கத் தொடங்கிய வெப்பப் பம்பி. அதன் ஆற்றல் ஏறக்குறைய 70 மெகாவாற்று. ஏறத்தாழ 25,000 வீடுகளுக்குப் போதுமானது என்பர். அது செய்வது நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் வேலையே. பெட்டியின் உட்புறத்து வெப்பத்தை வாங்கிப் பின்புறத்திலே விடுகின்றதல்லவா? இங்கே உட்புறம் வட கடல். பின்புறம் நகரத்துக் குழாய். உள்ளே சுற்றும் பொருள் காபனீரொட்சைட்டு. காற்றாடிகள் நிறைந்த அக்கரையில் மின்சாரம் மலிந்திருக்கும் நேரம் பார்த்து அதனை ஓட்டலாம்.

வெப்பத்தைக் கீழிருந்து மேலே தூக்குவதற்கு மின்சாரம் வேண்டும். எவ்வளவு உயரத்துக்குத் தூக்குகின்றோமோ அவ்வளவு செலவு. உயர்தர வகுப்பு மாணவர் கார்னோவின் விதியை நினைவு கூர்ந்தால் இதனைத் தாமே கணித்துக்கொள்ளலாம். 5 பாகைக் கடல்நீரிலிருந்து 65 பாகைக்கு உயர்த்தும் குறையற்ற பம்பி ஒன்று, ஓர் அலகு மின்சாரத்துக்கு 338 ஐ 60 ஆற் பிரித்தாற் கிடைக்கும் 5.6 அலகு சூடு தரும். 35 பாகையே போதும் என்றாலோ 308 ஐ 30 ஆற் பிரிக்க வேண்டும். ஏறக்குறைய 10 அலகு. மெய்யான பொறிகள் இதிற் பாதியளவே தரும் என்றாலும் விகிதம் அதுவே. நகரத்து வீடுகள் கேட்கும் சூடு குறையக் குறைய, கடலிடமிருந்து வாங்குவது மலிவாகின்றது. பெரியம்மாவின் பெட்டி சுடாமலிருப்பதன் பயன் எத்தனை தூரம் சென்று சேருகின்றது பாருங்கள்.

மேலும், கொதிநீர் வேண்டுமென்றால் எரித்தே ஆகவேண்டும். இளஞ்சூட்டு நீர் போதுமென்றால் அது எங்கும் கிடக்கின்றது. ஒடென்சே நகரில் மெற்றா நிறுவனத்தின் கணினிக் கூடங்களிலிருந்து வெளியேறும் சூடான காற்றை வீணாக்காது பம்பியால் உயர்த்தி நகரக் குழாய்களுக்குள் விடுகின்றனர். ஏறோ என்ற சிறு தீவிலே மார்ஸ்ரல் ஊரார் 33,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட சூரிய வெப்பத் தட்டுக்களை வயலிலே பரப்பி, 75,000 கன மீற்றர் நீர் கொள்ளும் குளமொன்றைத் தோண்டி மூடியிட்டு, கோடையின் சூட்டை மாரிவரை காத்து வைக்கின்றனர். ஊருக்கு வேண்டியதில் ஏறக்குறைய பாதி அவ்வாறு கிடைக்கின்றது. 1975 இல் ஒரு வீட்டுக்குச் செய்து பார்த்ததை ஓர் ஊருக்கே செய்து காட்டியிருக்கின்றனர்.

தடைகள்

ஓர்ஹூஸ் நகரத்தை அடுத்த லிஸ்ற்றுப் என்னும் புறநகரிலே, 2010 ஐ ஒட்டி, நன்கு போர்த்திக் கட்டிய ஏறக்குறைய 40 வரிசை வீடுகளுக்கு 50 பாகையளவு நீரை மட்டும் அனுப்பிப் பார்த்தனர். குழாய்வழியே வீணாகும் வெப்பம் பெரிதும் குறைந்தது. சாதாரணமாக டென்மார்க்கிலே அனுப்பும் வெப்பத்தில் ஆறிலொன்று முதல் ஐந்திலொன்று வரை மண்ணுக்குள்ளே போய்விடுகின்றது என்பதை எண்ணினால் இதன் பெறுமதி விளங்கும். ஆனால் இளஞ்சூட்டிலே ஒரு பகையும் ஒளிந்திருந்தது. 1976 இல் அமெரிக்காவின் பிலதெல்பியா நகரிற் கூடிய முன்னாட் படைவீரர் மகாநாட்டிலே பலரைக் கொன்ற லெஜியொனெல்லா என்னும் பற்றீரியா, தேங்கிய வெதுவெதுப்பான நீரிலே பெருகுவது. அதற்கஞ்சியே வெந்நீர்த் தொட்டிகளை 60 பாகையிலே வைப்பது வழக்கம். லிஸ்ற்றுப்பில் தேங்குவதற்கே இடங்கொடாத ஒரு வழியைக் கையாண்டனர். குளிப்பதற்கான நீர் தொட்டியிலே காத்திராமல், மெல்லிய உலோகத் தட்டுக்களினூடே ஓடும்போதே சூடேறி நேராகக் குழாய்வாய்க்கு வருகின்றது.

பழைய வீடுகளின் காரியம் இதனினும் சிக்கலானது. புதிய வீட்டுக்குத் தரையிலே குழாய் பதிப்பது எளிது. முப்பாட்டன் கட்டிய வீட்டை யார் உடைப்பது? நாட்டு வீடுகளிற் பெரும்பாலானவை பழையவைதாமே. இங்கே தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த செய்தி ஒன்று நமக்குப் பெரிதும் பிடித்தது. 1930 ஐ அடுத்த ஆண்டுகளிற் கட்டப்பட்ட நான்கு தனி வீடுகளை எடுத்து அறை அறையாக ஆராய்ந்தனர். அக்காலத்துக் கொல்லரும் குழாய்க்காரரும் அச்சத்தினால் வேண்டியதற்கு மேலே பெரிய இரும்புப் பெட்டிகளைப் பொருத்திவிட்டிருந்தனர். பின்வந்தோர் சாளரங்களுக்கு இரட்டைக் கண்ணாடி இட்டுக்கொண்டனர். இவ்விரண்டும் கூடியதாற் பெரும்பாலான பெட்டிகள் ஆண்டின் மிகப் பெரும்பகுதிக்கு இளஞ்சூட்டு நீருக்கே போதுமானவையாக இருந்தன. ஒருசிலவற்றை மாற்றினாற் போதும் என்று தெரிந்தது. தாத்தாவின் ஊதாரித்தனம் பேரனுக்குச் சிக்கனமாயிற்று.

எல்லாம் புகழத்தக்கதென்று எண்ணிவிடலாகாது. கொப்பன்ஹேகனிலே 2017 இற் கட்டி முடித்த அமாகர் குப்பை எரியாலையின் கூரையிற் சறுக்கு விளையாட்டுக்கென மலைச்சரிவு அமைத்திருக்கின்றனர். நகர மக்கள் மேலே சறுக்குகின்றனர், கீழே குப்பை எரிகின்றது. வேடிக்கையான காட்சிதான். ஆனால் பசித்த ஆலைக்கு இரை போதாமல் பிறநாட்டுக் குப்பையையும் வருவித்து எரித்ததுண்டு. நிலக்கரியை விட்டவர்கள் பல இடங்களில் மரத்துண்டை எரிக்கின்றனர்; அம்மரமும் பெருமளவு கடல் கடந்தே வருகின்றது. மரம் வளர்வதற்கு எத்தனை ஆண்டு, எரிவதற்கு எத்தனை நிமிடம் என்று அந்நாட்டவரே கேட்கின்றனர். எஸ்பியரின் கடலும் மார்ஸ்ரலின் வெயிலும் நம் கண்ணுக்கு இவற்றினும் மேலானவை.

குளிர்ச்சிக்கும் அதே வழி

தலைநகருக்குத் திரும்பியபின் காங்கன்ஸ் நியூற்றோர்வ் என்னும் பெருஞ்சதுக்கத்தின் அருகே நின்றபோது, நம் காலடியில் வெந்நீர்க் குழாயோடு குளிர்நீர்க் குழாயும் ஓடுவதாக அறிந்தோம். 2010 முதல் துறைமுகத்துக் கடல்நீரைக் கொண்டுவந்து, அதன் குளிர்ச்சியை மட்டும் வேறு நீருக்கு மாற்றி, வங்கிகளுக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்புகின்றனர். மாரியிற் கடலே போதும்; கோடையிற் பொறிகளும் துணை செய்யும். மாரியிலும் குளிர்ச்சி தேவையோ என்று வினவினால், கணினி அறைகளுக்கு எக்காலமும் கோடையே என்பது விடை.

சூடாக்குவதில் மிகையான சூட்டைத் தவிர்ப்பது போலவே, குளிராக்குவதில் மிகையான குளிரைத் தவிர்க்கலாம். அறையை 25 பாகையில் வைப்பதற்காக நம் நாட்டுப் பெருங்கட்டடங்களில் நீரை 6, 7 பாகைவரை குளிரச் செய்கின்றனர். கூரையோ தரையோ முழுவதும் குளிரும் பரப்பாயின் 16 பாகை நீரே போதும். பம்பியும் அத்தனை தூரம் தூக்க வேண்டியதில்லை. அப்படியாயின் வெப்பநாடுகள் இதனை ஏன் விரைந்து கைக்கொள்ளவில்லை?

நாம் திரும்பும் வழியிலே விமானம் மாறிய பாங்கொக்கின் சுவர்ணபூமி நிலையம் அதற்கு விடை சொல்லும். 2006 இல் திறக்கப்பட்ட அப்பெரிய கண்ணாடி மண்டபத்தின் தரைக்குள்ளே குளிர்நீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. மிக உயர்ந்த கூரைவரை குளிரச் செய்யாது, மனிதர் நடமாடும் கீழ்ப்பகுதியை மட்டுமே குளிர்விக்கின்றனர். கண்ணாடியினூடே விழும் வெயிலின் சூட்டைத் தரையே உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கின்றது. ஆனால் பாங்கொக்கின் காற்றும் கொழும்பின் காற்றைப் போன்றே ஈரம் மிகுந்தது. குளிர்பானம் ஊற்றிய கண்ணாடிக் குவளை வெளிப்புறத்தே வியர்ப்பதை யாவரும் கண்டிருப்போம். பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்த எப்பரப்பும் அங்ஙனமே வியர்க்கும். கடற்கரை நகரங்களிலே பனிபடுநிலை 24 பாகையளவு. 21 பாகைத் தரை அங்கே திறந்த வெளியிலிருப்பின் சிறிது நேரத்திலே நனைந்து வழுக்கும். ஆகவே முதலிற் காற்றின் ஈரத்தைத் தனியாக வாங்கி உலர்த்திய பின்னரே தரையைக் குளிர்விக்கின்றனர். கதவும் சாளரமும் இறுக மூடியிருத்தல் வேண்டும். நம் வீடுகளைப் போலத் திறந்த முற்றமும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு இது பொருந்தாது; மூடிய அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

பொருந்தினால் எவ்வளவு மிச்சம் என்பதற்கு இந்தியாவிலே ஐதராபாத்தில் ஒரு நேர்மையான பரீட்சை நடந்தது. இன்போசிஸ் நிறுவனத்தார் 2011 இல் அங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்றாக அமைத்த வழக்கமான குளிரூட்டலையும், மறுபாதிக்குக் கூரைப் பலகத்தினுள்ளே ஓடும் குளிர்நீரையும் வைத்தனர். இரு பாதிக்கும் ஒரே வெயில், ஒரே தொழில், ஒரே நேரம். கூரையாற் குளிர்ந்த பாதி, மற்றையதிலும் 100 க்கு 34 வீதம் குறைந்த மின்சாரத்தையே குளிரூட்டலுக்குச் செலவிட்டது.